பழைய கார்களின் செல்ஃப் மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றிக் கீழே இறக்குவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. 1970களின் கடைசி வரை வந்த பழைய கார்களில் பெரும்பாலும் பழுது மோட்டாரில் இருப்பதில்லை, மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரும் வழியில்தான் இருக்கும். அதனால் இங்கே மோட்டாரின் உள்பாகங்களுக்கு எவ்வளவு இடமோ, அதற்கு வெளியே உள்ளவற்றுக்கும் அவ்வளவு இடம் உண்டு.

சாவியைத் திருப்பினால் என்னென்ன நடக்கிறது?

சாவி வழியாகப் போவது சிறிய கரண்ட்தான். அது சோலினாய்டு என்ற காந்த சுவிட்சுக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் இரும்புத் தண்டை இழுக்க, தண்டின் முனையில் உள்ள செப்புத் தகடு இரண்டு கனமான போல்ட்டுகளுக்கு நடுவே பாலமாக விழும். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 150, 200 ஆம்பியர் பாய்கிறது. மோட்டார் சுற்றும், அதன் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சினின் கனமான சக்கரமான ஃபிளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தில் (ரிங் கியர்) பல் பிடிக்கும், எஞ்சின் சுழலும்.

இன்னும் பழைய வண்டிகளில் சோலினாய்டே கிடையாது. டேஷ்போர்டில் ஒரு குமிழை இழுத்தாலோ தரையில் ஒரு பொத்தானை மிதித்தாலோ அதே செப்புப் பாலம் நேரடியாக அழுந்தும்.

கைக்கு அடக்கமான மோட்டார் முழு எஞ்சினையும் எப்படிச் சுற்றுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது பல் கணக்கு. பினியனில் 9 அல்லது 10 பல், ரிங் கியரில் 110 முதல் 130 பல் என்று வைத்துக்கொண்டால், மோட்டார் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைகிற அளவுக்கு முறுக்கு விசை பெருகும்.

இரண்டாவது, மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் விதம். இதில் ஃபீல்டு காயிலும் (அசையாமல் நின்று காந்தமாகும் சுருள்) ஆர்மேச்சரும் (நடுவில் சுழலும் பாகம்) ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருக்கும். ஃபீல்டில் போகும் அதே கரண்ட்தான் ஆர்மேச்சரிலும் போகும். முறுக்கு விசை இரண்டின் பெருக்கல் என்பதால், கரண்ட் இரட்டித்தால் விசை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும் (இரும்பு காந்தத்தால் நிறைவடையும் வரை). மோட்டார் அசையாமல் நிற்கும்போது (சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும்) எதிர் மின்னழுத்தம் கொஞ்சமும் இல்லாததால் கரண்ட் உச்சத்தில் இருக்கும், விசையும் உச்சத்தில் இருக்கும். நின்றுகிடக்கும் எஞ்சினைப் புரட்டுவதற்கு வேண்டியதும் அதுதான். பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனியான லூகாஸின் எம்35ஜி போன்ற சின்ன மோட்டார் சும்மா சுற்றும்போது 45 ஆம்பியர் அளவே எடுக்கும். தண்டைச் சுற்றவிடாமல் பிடித்துவிட்டால் 400 ஆம்பியரைத் தாண்டும்.

பெண்டிக்ஸ் எப்படிப் பல் பிடிக்கிறது? அதைத் தள்ள எதுவுமே இல்லையே?

பெண்டிக்ஸ் என்பது பழைய மோட்டார்களில் பினியனை ரிங் கியருக்குள் கொண்டுசேர்க்கும் அமைப்பு. பினியனைத் தள்ளுவது அதன் சொந்த எடைதான். ஒரு போல்ட்டில் கனமான நட்டைத் தளர்வாக மாட்டிவிட்டு, போல்ட்டைச் சட்டென்று சுழற்றிப் பாருங்கள். நட்டு உடனே கூடச் சுற்றாது. சோம்பலாக நின்ற இடத்திலேயே நிற்கும். போல்ட் மட்டும் சுழல்வதால் நட்டு மரை வழியே நகரும். பெண்டிக்ஸில் நடப்பது இதேதான். ஆர்மேச்சர் தண்டின் மேல் சுருள் மரை வெட்டிய குழாய், அதன் மேல் பினியன். மோட்டார் திடீரென்று வேகம் எடுக்கும்போது பினியன் பின்தங்கி, மரையில் ஊர்ந்து ரிங் கியருக்குள் நுழையும். கடைசித் தடுப்பில் முட்டிய பிறகுதான் தண்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அந்த முட்டலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் முனையில் அந்தத் தடித்த ஸ்பிரிங்.

எஞ்சின் பிடித்ததும் ரிங் கியர் பினியனை மோட்டாரைவிட வேகமாகச் சுற்றும். அப்போது பினியன் அதே மரையில் பின்னோக்கி ஏறி வெளியே வந்துவிடும். இன்னொரு மெல்லிய ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கும். ஓடும் வண்டியின் அதிர்வில் பினியன் தானாக நழுவி ரிங் கியரை உரசாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஓட்டத்தில் அவ்வப்போது ‘கிர்ர்’ என்று ஒரு பல் உரசல் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மெல்லிய ஸ்பிரிங்கைத்தான்.

பேட்டரி பாதி இறங்கியிருந்தால் பெண்டிக்ஸ் ஏன் பல் பிடிக்காமல் வெறுமனே ஊளையிடுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். மோட்டார் மெதுவாக வேகம் எடுத்தால் பினியன் பின்தங்காது, தண்டோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும்.

பெண்டிக்ஸுக்கு கிரீஸ் வைக்கலாமா?

வேண்டாம். நல்லது என்று நினைத்துச் செய்கிற இந்த ஒரு காரியம்தான் பெண்டிக்ஸை அதிகம் கெடுக்கிறது. கிளட்ச் தூசி கிரீஸில் ஒட்டிப் பசையாகி, மரையில் பினியன் நகராது. மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உலர்வாகவே மாட்டுங்கள். பினியனை விரலால் சுழற்றிவிட்டால் மரையின் கடைசி வரை தடையில்லாமல் ஓடித் திரும்ப வேண்டும். ஏதாவது பூசியே தீர வேண்டுமென்றால் கிராஃபைட் பொடியைத் தூவலாம்.

பினியன் ரிங் கியரில் மாட்டிக்கொண்டது. என்ன செய்வது?

இதன் அடையாளம், சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம், விளக்குகள் மங்குதல், அதோடு சரி. பழைய லூகாஸ் மோட்டார் பலவற்றில் பின்முனையில் ஒரு சின்னத் தகர மூடி இருக்கும். அதைக் கழற்றினால் தண்டின் சதுர முனை தெரியும். இக்னிஷனை அணைத்துவிட்டு, ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் திருப்பினால் பினியன் விடுபடும்.

சதுர முனை இல்லாத வண்டியில், இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எக்காரணம் கொண்டும் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். பினியன் இன்னும் இறுகும், மோட்டாரும் சூடேறும். அடிக்கடி மாட்டினால் மோட்டாரின் போல்ட் தளர்வா, ரிங் கியர் பல் தேய்வா என்று பாருங்கள்.

பெண்டிக்ஸின் தடித்த ஸ்பிரிங் அடிக்கடி உடைந்தால் இக்னிஷன் டைமிங்கைச் (ஸ்பார்க் விழும் நேரம்) சோதியுங்கள். டைமிங் மிகவும் முன்னால் இருந்தால் எஞ்சின் உதைத்துத் திரும்பும். அந்த உதை நேராக ஸ்பிரிங்கில்தான் விழும். டைமிங்கைச் சரிசெய்யாமல் புது ஸ்பிரிங் போட்டுப் பயனில்லை.

மோட்டாரின் முதுகிலேயே சோலினாய்டு இருக்கும் வகையில் என்ன வித்தியாசம்?

இங்கே சோலினாய்டுக்கு இரண்டு வேலை. ஒரு முள்கரண்டி நெம்புகோலால் பினியனை முதலில் ரிங் கியருக்குள் தள்ளும். அது முழுசாக நுழைந்த பிறகே மோட்டாருக்குக் கரண்ட் விடும். பல்லோடு பல் நேருக்கு நேர் முட்டினாலும் நெம்புகோலுக்கும் பினியனுக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங் அமுங்கிக் கொடுக்கும். மோட்டார் ஒரு இம்மி சுற்றியதும் பினியன் பள்ளத்தில் விழும். ரிங் கியருக்கு அடி குறைவு என்பதால் 1960களில் பெண்டிக்ஸின் இடத்தை இந்த வகை படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. எம்ஜிபி கார் 1967இல்தான் மாறியது.

பினியனுக்குப் பின்னால் ஒருவழி கிளட்ச் இருக்கும். எஞ்சின் பிடித்து 1,000 சுற்று வேகத்துக்குப் போனால், பல் கணக்குப்படி ஆர்மேச்சர் 12,000 சுற்றுக்கு மேல் பறக்க வேண்டிவரும். அதன் கம்பிகள் பள்ளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதைத் தடுப்பது இந்தக் கிளட்ச். சோதிப்பது எளிது. பினியன் ஒரு பக்கம் வழுக்கலாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும். இதைப் பெட்ரோலில் முக்கிக் கழுவாதீர்கள். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்தால் மறுபடி நிரப்ப வழியில்லை.

‘டக் டக் டக்’ என்று சோலினாய்டு துடிக்கிறது. சோலினாய்டு போச்சா?

அநேகமாக இல்லை. மோட்டாரின் முதுகில் இருக்கும் சோலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருப்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். இழுக்கும் சுருள் தடித்த கம்பி. அதன் மறுமுனை மோட்டார் வழியாக எர்த் ஆகும் (வண்டியின் உலோக உடலோடு சேர்ந்து பேட்டரிக்குத் திரும்பும்). பிடித்துவைக்கும் சுருள் மெல்லிய கம்பி. அது நேராக உடலில் எர்த் ஆகும். தண்டை இழுக்க இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். செப்புப் பாலம் விழுந்த கணமே இழுக்கும் சுருளின் இரு முனையிலும் பேட்டரி வோல்ட்டேஜ் வந்துவிடுவதால் அதில் கரண்ட் நின்றுவிடும். அதன்பிறகு தண்டைப் பிடித்துவைப்பது மெல்லிய சுருள் மட்டும்தான்.

பேட்டரி பலவீனமாக இருந்தால், பாலம் விழுந்து மோட்டார் கரண்டை உறிஞ்சியதும் வோல்ட்டேஜ் சரியும், மெல்லிய சுருளால் பிடிக்க முடியாது, தண்டு விடும். விட்டதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்தத் துடிப்பு. பேட்டரியும் டெர்மினலும் சரியாக இருந்தும் இதே துடிப்பு வந்தால்தான் மெல்லிய சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள்.

ஒரே ஒரு ‘டக்’, பிறகு ஒன்றுமில்லை. எங்கே தொடங்குவது?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அறவே அணைந்தால் பேட்டரி டெர்மினல் பிடிப்பில்லை, அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது. மிகவும் மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது பினியனோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. சோலினாய்டின் செப்புத் தகடு கருகியிருக்கலாம், பிரஷ் (சுழலும் ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டி) தேய்ந்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம்.

மெதுவாகத்தான் சுற்றுகிறது. மோட்டாரைக் கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்டிமீட்டர் போதும். தேடுவது ஓம் அல்ல, தொலைந்துபோன வோல்ட். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் சாதாரண மீட்டரில் அது பூஜ்யமாகத்தான் தெரியும். ஆனால் 150 ஆம்பியர் பாயும்போது அதே இணைப்பு 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும்.

கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் இரு கம்பங்களிலும். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். சுற்றும்போது 10க்குக் கீழே வராமல் இருந்தால் நல்லது, 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைக் கவனியுங்கள். அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கரண்ட் வரும் (எர்த் ஆகாத) கம்பத்திலும், மறுமுனையை மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வையுங்கள். கிளாம்ப்பின் மேல் வைக்காதீர்கள், ஈயக் கம்பத்தின் நடு உச்சியிலேயே வைக்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். சாவியைத் திருப்பும் முன் மீட்டர் 12 காட்டும், பயப்பட வேண்டாம். சுற்றும்போது காட்டுவதுதான் கணக்கு, அது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு எர்த் பக்கம்: எர்த் கம்பத்திலிருந்து மோட்டாரின் உடலுக்கு, கால் வோல்ட்டுக்குள். கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்தி வாருங்கள். வோல்ட் எங்கே தொலைகிறதோ அந்த இணைப்பைக் கழற்றி, பளபளக்கத் தேய்த்து, இறுக்குங்கள்.

இந்த அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

செல்ஃப் அடித்தால் கிளட்ச் கேபிளோ சோக் கேபிளோ சுடுகிறது. ஏன்?

எஞ்சின் எர்த் பட்டை அறுந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டு மறந்திருக்கிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், பாடியிலிருந்து எஞ்சினுக்கு வேறு கனமான வழி கிடையாது. 150 ஆம்பியரும் கிடைத்த மெல்லிய கேபிள் வழியாக ஓடும், புகைகூட வரும். புதுப்பித்து அழகாகப் பெயின்ட் அடித்த வண்டிகளுக்கு இது ரொம்பவே பழக்கமான வியாதி. மோட்டார் உட்காரும் முகத்திலும், பட்டை பிடிக்கும் இடத்திலும் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். மோட்டாருக்கு அந்த முகம்தான் எர்த்.

6 வோல்ட் வண்டி. எப்போதுமே சோம்பலாகத்தான் சுற்றுமா?

இல்லை. சரியான கேபிள் இருந்தால் நன்றாகவே சுற்றும். அதே சக்திக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். அதே கேபிளில் இழப்பும் இரட்டிப்பாகும். அந்த இழப்பு கழிவதோ பாதி வோல்ட்டிலிருந்து. ஆக விகிதத்தில் நான்கு மடங்கு. 12 வோல்ட் வண்டிக்கான 25 சதுர மில்லிமீட்டர் கேபிளை இதில் மாட்டிவிட்டு மோட்டாரைத் திட்டுவது நியாயமில்லை. 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ளதாகப் போடுங்கள்.

12 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகும் 6 வோல்ட் மோட்டாரையே வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சில நொடிகளுக்குத் தாங்கும். ஆனால் பினியன் ரிங் கியரைப் பலமாக அடிக்கும்.

பிரஷ், கம்யூட்டேட்டர்: எதைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பிரஷ்களில் செப்பு அதிகம் கலந்திருக்கும். டைனமோ பிரஷை இங்கே போட்டால் அதன் தடையே கரண்டைக் கட்டுப்படுத்திவிடும். வழக்கமாக நான்கு இருக்கும், இரண்டு எர்த், இரண்டு ஃபீல்டு காயிலோடு சேர்ந்தவை. நீளம் 8 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பலவற்றில் மாற்ற வேண்டிய கட்டம். பிரஷ் தன் கூட்டுக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டும்.

ஃபீல்டு காயில் அலுமினியப் பட்டையாக இருந்தால் அதில் ஈயப்பற்று ஒட்டாது. பழைய பிரஷின் பின்னல் ஒயரை அடியோடு வெட்டாமல், சில மில்லிமீட்டர் வால் விட்டு வெட்டி, அந்த வாலில் புதியதைப் பற்றவையுங்கள். இதை மறந்து ஒட்ட வெட்டிவிட்டால் ஃபீல்டு காயிலையே மாற்ற வேண்டிவரும்.

பிரஷ்கள் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரை பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, தேவையானால் நயமான உப்புத்தாளால் மெருகேற்றலாம். எமரி வேண்டாம், அதன் துகள்கள் செப்பில் பதிந்து பிரஷை அரிக்கும். டைனமோவில் செப்புப் பட்டைகளுக்கு நடுவில் மின்காப்பாக உள்ள மைக்காவைத் தாழ வெட்டுவார்கள். லூகாஸ் செல்ஃப் மோட்டாரில் அப்படி வெட்டக்கூடாது என்று அவர்கள் மானுவலே சொல்கிறது. வேறு கம்பெனி மோட்டாராக இருந்தால் அதனதன் மானுவலைப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்சுவரில் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிகின்றனவா? கம்யூட்டேட்டரின் ஈயப்பற்று உருகித் தெறித்திருக்கிறது. யாரோ மோட்டாரை நெடுநேரம் விடாமல் சுற்றவைத்திருக்கிறார்கள்.

புஷ் தேய்ந்தால் என்ன ஆகும்?

தண்டைத் தாங்கும் குழல்தான் புஷ். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் சரிந்து ஃபீல்டின் இரும்பு முகங்களில் உரசும். கரண்ட் ஏறும், வேகம் இறங்கும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கீறல் இருந்தால் இதுதான். புது வெண்கல புஷ் நுண்துளை கொண்டது. மாட்டுவதற்கு முன் 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். ரீமர் (துளையை அகலமாக்கும் கருவி) போட்டு அகலப்படுத்தினால் துளைகள் அடைபட்டு எண்ணெய் கசியாது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஒரு புஷ் மோட்டாரிலேயே இருக்காது, கியர்பாக்ஸ் கூட்டில் இருக்கும். புது மோட்டார் மாட்டியும் சத்தம் போகவில்லை என்று திகைப்பவர்கள் அங்கே பார்க்க வேண்டும்.

சில நேரம் மட்டும் பல் பிடிக்காமல் அரைக்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் பிடிக்கிறது?

ரிங் கியர் தேய்வு. எஞ்சின் அணையும்போது கண்ட இடத்தில் நிற்காது. கம்ப்ரெஷனை ஏறிக் கடக்க முடியாமல் நடுவில் நிற்கும். நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு இடம், ஆறில் மூன்று. ஆண்டுக்கணக்கில் பினியன் அந்தப் பற்களையே கடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, 90 பாகை திருப்பிப் போட்டால் புதுப் பற்கள் வேலைக்கு வரும். மானுவல் சொல்லும் வெப்பத்தைத் தாண்டினால் பல்லின் பதம் போய்விடும். பினியனையும் கூடவே மாற்றுங்கள்.

காலையில் நன்றாக எடுக்கிறது, ஓடிச் சூடான பிறகு எடுக்கவில்லை?

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். செப்புக் கம்பி 20 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறினால் அதன் தடை 30 சதவீதம் கூடும். அதனால் சோலினாய்டின் இழுப்பு குறையும். வயதான சாவி சுவிட்சும் நீண்ட மெல்லிய ஒயரும் தம் பங்குக்கு ஒரு வோல்ட்டைத் தின்றால் தண்டு அசையாது. சாவியிலிருந்து வரும் ஒயரை ஒரு ரிலேக்குக் கொடுத்து, ரிலேயிலிருந்து தடித்த ஒயரில் சோலினாய்டுக்குக் கொடுங்கள். நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் உதவும்.

சுற்றும்போது பிடிக்கவில்லை, சாவியை விட்ட கணத்தில் பிடிக்கிறது. இது செல்ஃப் கோளாறா?

பாதி. பேலஸ்ட் ரெசிஸ்டர் (ஓடும்போது இக்னிஷன் காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் தடை) உள்ள வண்டிகளில், சுற்றும்போது மட்டும் இக்னிஷன் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் போக சோலினாய்டில் ஒரு கூடுதல் சின்ன டெர்மினல் இருக்கும். அது கருகியிருக்கும், அல்லது அதன் ஒயர் கழன்றிருக்கும்.

எவ்வளவு நேரம் விடாமல் சுற்றலாம்?

ஒரு தடவைக்கு 10 நொடி, பிறகு குறைந்தது அரை நிமிடம் ஓய்வு. 1912 காடிலாக் காருக்கு மின்சார செல்ஃபை வடிவமைத்த சார்ல்ஸ் கெட்டரிங், அதற்கு முன் கடை கல்லாப்பெட்டிக்கு மோட்டார் செய்தவர். சில நொடி மட்டும் வேலை செய்யும் மோட்டாரை அதன் தகுதிக்கு மேல் சுமத்தலாம் என்பது அங்கே கற்றது. சிறிய உடலில் பெரிய விசை கிடைப்பதற்கு விலை இதுதான். மேசையில் கழற்றி வைத்துச் சோதிக்கும்போதும் சுமையில்லாமல் இரண்டு மூன்று நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுமா?

சுற்றாது. பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன. ஃபீல்டிலும் ஆர்மேச்சரிலும் கரண்ட் சேர்ந்தே திசை மாறுவதால் சுழற்சி மாறாமல் இருக்கும். பழைய மோட்டாருக்குப் பேட்டரி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் இப்போது கிடைக்கும் கியர் குறைப்பு வகைச் சின்ன மோட்டார்கள் பலவற்றில் ஃபீல்டு காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம். அதை பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால் எதிர்த்திசையில் சுற்றும். வாங்கும் முன் கேளுங்கள். எந்த வண்டியானாலும் வேலை தொடங்கும் முன் பேட்டரியில் எர்த் ஆகியிருக்கும் முனையைத்தான், அது எந்தக் குறியாக இருந்தாலும், முதலில் கழற்ற வேண்டும். மோட்டாருக்குப் போகும் கேபிளில் ஃபியூஸ் கிடையாது.